தெற்கே போனவர்களும் வடக்கே போனவர்களும்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் தோட்டப்பட்டணமான சிலிம் ரிவரில் 1942 ஜனவரியில் ஜப்பானியருக்கும் பிரிட்டிஷ் படைக்கும் இடையே ஒரு பெரிய போர் நடந்தது. அதன் தடத்தைப் பிடித்து ஊரைக் கால்நடையாகவே சுற்றிப் பார்க்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனவே இந்த மாதம் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (ரவாங் வாசகர்): எனக்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டுமே. சிலிம் ரிவரில் நடையை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும்? இங்கே உண்மையில் என்ன நடந்தது?

பதில்: நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் எங்கே தொடங்குவது என்பது தானே விளங்கிவிடும்.

ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது 1941 டிசம்பர் 8 அன்று. அடுத்த நான்கு வாரங்களில் ஜித்ராவில் உடைந்து, கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை நின்று பொருது, அங்கிருந்தும் பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்பின் 11-ஆம் இந்திய டிவிஷன், சடக்கும் (பெருஞ்சாலையும்) ரயில் பாதையும் ஒன்றையொன்று ஒட்டி ஓடும் இந்தக் குறுகிய நிலத்தில் மீண்டும் அணிவகுத்து நின்றது. வடக்கே துரோலாக்கில் 12-ஆம் பிரிகேடு (பல பட்டாளங்கள் சேர்ந்த படைப்பிரிவு) இருந்தது. ஹைதராபாத் ரெஜிமென்டின் பட்டாளம் ஒன்று அந்நாளைய 60-ஆம் கட்டையை (மைல்கல்லை) ஒட்டி முன்வரிசையில் நிற்க, அதன் பின்னே பஞ்சாப் வீரர்களும், அவர்களுக்கும் பின்னே துரோலாக்கில் ஆர்கைல் என்ற ஸ்காட்லாந்துப் பட்டாளமும் நின்றன. தெற்கே சிலிம் ரிவரைச் சுற்றி 28-ஆம் கூர்க்கா பிரிகேடு இருந்தது.

ஜனவரி 7 அதிகாலை, நிலவு வெளிச்சத்தில், மேஜர் ஷிமாதா தலைமையில் ஏறத்தாழ 20 டாங்கிகள் காலாட்படையோடு சடக்கு வழியாகவே நேராக வந்தன. முன்வரிசை சிறிது நேரத்தில் உடைந்தது. பஞ்சாப் வீரர்கள் கண்ணிவெடிகளைக் கொண்டு ஓரளவு தடுத்து நிறுத்தினார்கள். அந்தத் தடையும் விலகியபின் டாங்கிகளை நிறுத்த வழியில் ஆளில்லை. கிளூனி தோட்டத்தை நோக்கி வரிசையாக நடந்துகொண்டிருந்த கூர்க்கா பட்டாளம் ஒன்றைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்துச் சிதறடித்துவிட்டு, காலை எட்டரை மணியளவில் லெப்டினன்ட் வதனாபேயின் முன்னணி டாங்கிகள் சிலிம் ஆற்றுப் பாலத்தை அடைந்தன. பாலத்தைத் தகர்க்க வெடி வைத்திருந்தும் அது வெடிக்கவில்லை. வதனாபே டாங்கியிலிருந்து குதித்து இறங்கி, வெடிக்குச் செல்லும் கம்பியைத் தன் வாளால் வெட்டினார் என்று ஜப்பானியத் தரப்பு வரலாறு சொல்கிறது. பாலத்தைத் தாண்டி இரண்டு மூன்று மைல் தெற்கே ஒரு ஹவிட்சர் பீரங்கி மிக அருகிலிருந்து சுட்டு முதல் டாங்கியை வீழ்த்திய பிறகே அந்த ஓட்டம் நின்றது. ஆறு மணி நேரத்தில் சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு பிரிகேடுகள் சிதைந்தன. ஏறத்தாழ 3,200 பேர் சிறைப்பட்டார்கள். நான்கே நாளில், ஜனவரி 11 அன்று, கோலாலம்பூர் வீழ்ந்தது.

ஆகவே போர் வந்த திசையிலேயே நடக்க வேண்டும் என்பது என் கருத்து. ரயிலில் வந்து இறங்கி நிலையத்திலிருந்தே நடக்கத் தொடங்குபவர்களே அதிகம். அவர்கள் கதையை நடுவிலிருந்து கேட்கிறார்கள். விடியற்காலையில் யாராவது ஒருவர் உங்களைத் துரோலாக்கில் கொண்டுபோய் இறக்கிவிடட்டும். அங்கே கொஞ்ச தூரம் நடந்து பார்த்தபின் வாகனத்திலேயே சிலிம் ரிவர் வந்து, நிலையத்தின் அருகில் பசியாறிவிட்டு, அங்கிருந்து கிளூனி வழியாகக் கம்போங் சிலிம் பக்கம் உள்ள ஆற்றுப் பாலம் வரை நடந்தால் ஒரு காலைப் பொழுது சரியாக இருக்கும். பாலத்தில் நின்று ஆற்றைப் பாருங்கள். பெரிய ஆறு என்று சொல்ல முடியாது; ஆனால் லாரியையும் பீரங்கியையும் தள்ளிக்கொண்டு வரும் ஒரு படைக்கு அந்த ஒரு பாலம்தான் தெற்கே செல்லும் வழியாக இருந்தது. அது பறிபோனதும் வாகனங்கள் அனைத்தும் வடகரையிலேயே நின்றுவிட, மிஞ்சிய வீரர்கள் ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தஞ்சோங் மாலிமை நோக்கித் தெற்கே நடந்தார்கள். இந்தத் தண்டவாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இன்னொரு பதிலில் அதற்குத் திரும்ப வருகிறேன்.

கேள்வி (ஈப்போ கல்லூரி மாணவர்): இருபது டாங்கிகளால் இரண்டு பிரிகேடுகளை எப்படி உடைக்க முடிந்தது? நேரில் நடந்து பார்த்தால் அதற்கான காரணம் கண்ணுக்குத் தெரியுமா?

பதில்: ஒரு காரணம் தெரியும். மற்றவற்றைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

படித்து அறிய வேண்டியவை இவை. அன்று மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கி கூடக் கிடையாது. வீரர்கள் ஒரு மாதமாகப் பின்வாங்கியபடியே இருந்தார்கள். பகலில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஒளிந்து, இரவில் குழி தோண்டி, தூக்கமில்லாமல் நடந்து, காதில் விழும் உத்தரவு கூட மனத்தில் பதியாத களைப்பில் இருந்தார்கள். தொலைபேசிக் கம்பி பற்றாக்குறையாக இருந்ததால், முன்னால் நடப்பது பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு டாங்கி வந்த செய்தி, டாங்கியே வந்து நின்றபோதுதான் கிடைத்தது.

நடந்து பார்த்து அறியக்கூடியது பழைய வளைவுகள். சடக்கு முதலில் போடப்பட்டபோது நிலத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து வளைந்து சென்றது. போருக்கு முன்பே பொதுப்பணித் துறையினர் சில வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். வெட்டிவிடப்பட்ட பழைய துண்டுகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே அப்படியே கிடந்தன. புதிய நேர்ச்சாலையில் தடுப்பு வைத்துக் காவல் நின்றவர்கள் அந்தத் துண்டுகளைக் கவனிக்கத் தவறினார்கள். ஜப்பானிய டாங்கிகள் அவற்றில் இறங்கி, காவலைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கமாக மீண்டும் சடக்கில் ஏறின.

இன்று சாலை பலமுறை அகலப்படுத்தப்பட்டுவிட்டது; ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்டது. ஆயினும் பழைய சாலைத் துண்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் கண்ணுக்கு அது தப்பாது. செம்பனை நிரைகளுக்கு நடுவே காரணமே இல்லாமல் ஒரு மெல்லிய வளைவில் நிலம் சமமாக இருக்கும். ஓரத்தில் வாய்க்கால் வெட்டிய அடையாளம் இருக்கும். கால் விரலால் சருகைத் தள்ளினால் கருங்கல் சல்லி தென்படும். நான் முதன்முதலில் அப்படி ஒரு துண்டில் நின்றபோது, அங்கிருந்து சடக்கு ஐம்பது அறுபது அடி தொலைவில்தான் இருந்தது. லாரி ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. லாரி கண்ணுக்குத் தெரியவில்லை. அன்று அடர்ந்த ரப்பர் காட்டில், இரவில், இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வரைபடத்தைப் பத்து முறை பார்த்தும் எனக்குப் புரியாத ஒன்று, அந்த இடத்தில் நின்ற ஐந்து நிமிடத்தில் புரிந்தது.

கேள்வி (தெலுக் இந்தான் வாசகி): போரைப் பற்றி எழுதுபவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள், பஞ்சாபியர், கூர்க்காக்கள் என்றே எழுதுகிறார்கள். என் தாத்தா அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் பால் வெட்டியவர். டாங்கி ஓடியது அவர் வெட்டிய மரங்களுக்கு நடுவேதான். நம் மக்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள்? அவர்களுக்காக நடந்து பார்க்க ஏதாவது இடம் இருக்கிறதா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். இந்தக் கேள்வியை மையமாக வைத்தே ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக என் எண்ணம்.

சிலிம் ரிவரில் சண்டை நடந்தது ஒரு காலை நேரம். தோட்டத்து மக்களுக்குப் போர் என்பது அதன் பிறகு மூன்று ஆண்டு எட்டு மாதம் நீடித்தது. எந்த வரலாற்றுப் பலகையும் முதலாவதைத்தான் சொல்லும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருந்தவர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். ஜப்பானியர் நெருங்கி வந்தபோது துரைமார் குடும்பத்தோடு தெற்கே கிளம்பிவிட்டார்கள். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) நின்றது, சம்பளம் நின்றது, ஸ்டோரில் இருந்த அரிசி தீர்ந்தது. பீரங்கிச் சத்தம் கேட்ட நாள்களில் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் ஒதுங்கி, சத்தம் அடங்கியபின் திரும்பி வந்தார்கள்.

திரும்பி வந்தபின் வேலை இல்லை. மலாயா ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவும் பிரிட்டனும் இப்போது ஜப்பானுக்கு எதிரி நாடுகள். வெட்டிய பாலை விற்க இடமில்லாதபோது மரம் வெட்டி என்ன பயன்? இன்னொரு பக்கம், மலாயா தான் சாப்பிட்ட அரிசியில் மூன்றில் இரண்டு பங்கை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வாங்கிவந்த நாடு. அந்தக் கப்பல்களும் நின்றன. ரப்பர் நிரைகளுக்கு இடையே மரவள்ளி நட்டார்கள். சோறு என்பது நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும் என்றானது. துணி கிடைக்காமல் சாக்கை வெட்டித் தைத்து உடுத்தினார்கள். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரப் படம் அச்சடித்து ஜப்பானியர் வெளியிட்ட பணம் மாதத்துக்கு மாதம் மதிப்பிழந்தது. 1945-இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கடிகாரத்தைக் கூட ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி தோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள். விடியும் முன்பே எழுந்து பழகியவர்களுக்கு அந்த நாள்களில் விடியலே தாமதமாக வந்தது போல் இருந்ததாம்.

இந்தப் பசிதான் சயாமுக்கு ஆள் சேர்த்தது. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ஒரு ரயில் பாதையை ஜப்பானியர் 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகளை மட்டும் வைத்து அதைக் குறித்த காலத்தில் முடிக்க முடியாது என்று கண்டபோது அவர்கள் பார்வை மலாயாத் தோட்டங்களின் மேல் விழுந்தது. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு ஆள் வருவது நின்றதும், லயத்தில் புகுந்தும், சாலையில் மறித்தும் பிடித்துக்கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படிக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகப் பரவியது. குறைந்த கணக்கின்படியே மூன்றில் ஒருவருக்கு மேல் திரும்பவில்லை. கைதிகளான பிரிட்டிஷாருக்கும் ஆஸ்திரேலியருக்கும் டச்சுக்காரருக்கும் தங்கள் மருத்துவர்களும், தங்கள் அதிகாரிகளும், இறந்தவர் பெயரைக் குறித்து வைத்த நோட்டும் இருந்தன. நம்மவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

நடந்து பார்க்க இடம் கேட்டீர்கள். சிலிம் ரிவர் ரயில் நிலையத்துக்குப் போங்கள். நிலையம் புதிது, பாதை இரட்டைப் பாதையாகி மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால் வழித்தடம் அன்று கோலாலம்பூரிலிருந்து வடக்கே போன அதே வழித்தடந்தான். 1942 ஜனவரியில் தோற்ற படையினர் இதே தடத்தில் தெற்கே நடந்தார்கள் என்று மேலே எழுதினேன். 1943-இல் சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் தோட்டங்களில் ஏற்றப்பட்டவர்கள், மூடிய சரக்குப் பெட்டிகளில் நெருக்கியடித்து நின்றுகொண்டு, இதே ஊரைத் தாண்டித்தான் வடக்கே போனார்கள்; சிங்கப்பூரில் சிறைப்பட்ட கைதிகளும் அப்படியே. மேடையின் வடகோடிக்கு நடந்து சென்று அந்தத் திசையைப் பாருங்கள். அதன் பிறகு, அனுமதி கிடைத்தால், உங்கள் தாத்தா இருந்த தோட்டத்தின் பழைய லயம் இருந்த இடத்திலிருந்து நிலையம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். தொலைவு அதிகமில்லை. மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன ஒருவருடைய மனைவி, திரும்பிப் பார்க்கும் தூரம் வரை கூட வந்திருக்கக்கூடிய வழி அது.

காஞ்சனபுரிக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், பாலத்துக்கு அருகில் 1944-இல் ஜப்பானிய இராணுவமே எழுப்பிய நினைவுத் தூணைத் தேடிப் பாருங்கள். பல மொழிகளில் எழுதப்பட்ட அந்தக் கல்லில் தமிழும் இருக்கிறது. அவர்களைச் சாகடித்தவர்கள் அவர்கள் மொழியில் எழுதிவைத்த கல் அது. அதன் முன் நின்றபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது, திரும்பி நடந்துவிடவும் தோன்றியது.

கேள்வி (கிள்ளான் வாசகர்): உறவினர் வேலை செய்யும் தோட்டத்தில், பழைய பங்களாவுக்குப் பின்னால், துப்பாக்கி நீட்ட ஓட்டை வைத்த சிமென்டுக் காவல் அறை ஒன்றைப் பார்த்தேன். சிலிம் போரின்போது கட்டியதா?

பதில்: இருக்க வாய்ப்பில்லை. 12-ஆம் பிரிகேடுக்குத் துரோலாக்கில் கிடைத்தது மிகச் சில நாள்களே. குழி வெட்டவும் முள்கம்பி இழுக்கவுமே நேரம் போதவில்லை. சிமென்டு இறுகும் அளவுக்குக் கூட அவர்கள் ஓரிடத்தில் தங்கவில்லை.

தோட்டங்களில் நாம் காணும் காவல் அறைகள், பங்களாவைச் சுற்றிய கம்பி வேலித் தூண்கள், விளக்குக் கம்பங்களின் அடித்தளங்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலையில் முடிந்த, கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிரான அவசரகாலத்தைச் சேர்ந்தவை. அந்தக் காலத்தில் துரையின் பங்களா கோட்டை போலானது. தொழிலாளர் லயங்களும் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. 1950-க்குப் பிறகு காட்டோரச் சீனக் குடும்பங்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டன. இரண்டு காலத்தையும் குழப்பிக்கொள்வது எளிது. வயதானவர்கள் கூடச் சில சமயம் ஒன்றின் கதையை இன்னொன்றில் சேர்த்துச் சொல்வார்கள். கதையில் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் வந்தால் அவசரகாலம். மரவள்ளியும் சாக்குத் துணியும் வந்தால் ஜப்பான் காலம் என்று நான் தோராயமாகப் பிரித்துக்கொள்வேன்.

கேள்வி (சிரம்பான் வாசகர்): சிலிமில் சிறைப்பட்ட இந்திய வீரர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்களா? நம் தோட்டத்துப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள் என்கிறார்களே, ஜப்பானியரிடம் அடிபட்ட மக்கள் ஜப்பானியரோடு கைகோத்த படையில் ஏன் சேர வேண்டும்?

பதில்: இந்திய தேசிய இராணுவத்தின் விதை ஜித்ராவில் விழுந்தது. அங்கே தனித்துவிடப்பட்ட பஞ்சாப் பட்டாளத்துக் கேப்டன் மோகன் சிங், ஜப்பானிய உளவுப் பிரிவின் மேஜர் புஜிவாராவோடு பேசி, பிடிபட்ட இந்திய வீரர்களை ஒன்றுதிரட்டத் தொடங்கினார். சிலிமில் பிடிபட்டவர்களிலும் பலருக்கு அந்த அழைப்பு வந்தது. சேர்ந்தவர்களும் உண்டு, மறுத்து முகாமில் வாடியவர்களும் உண்டு. 1942 டிசம்பரில் ஜப்பானியரோடு முரண்பட்டு மோகன் சிங் கைதானதும் அந்த முதல் முயற்சி முறிந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து பொறுப்பேற்ற பிறகுதான் தோட்டத்துத் தமிழர்கள் பெருந்திரளாக வந்தார்கள். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்து அந்த இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் அதிகாரியாக உயர்ந்து, பின்னாளில் மேலவை உறுப்பினராகவும் விளங்கிய ஜானகி ஆதி நாகப்பனை எல்லாருக்கும் தெரியும். அவரோடு அணிவகுத்த பெண்களில் பலர், அதுவரை பால் மங்கும் (கிண்ணமும்) உளியும் பிடித்த கைகளோடு தோட்டத்திலிருந்து வந்தவர்கள்.

ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்டீர்கள். இதற்கு ஒரே பதில் சொல்பவரை நான் நம்புவதில்லை. கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் தலைகுனிந்து நின்ற ஒருவரை, நிமிர்ந்து நில் என்று சொல்லிச் சீருடை கொடுத்த முதல் இயக்கம் அது. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பிக்க அதில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரே மனிதரிடம் இரண்டு காரணமும் இருந்திருக்கலாம். ஒரே லயத்தில் அண்ணன் சயாமுக்கும் தம்பி பயிற்சி முகாமுக்கும் போன வீடுகள் உண்டு. அவர்களைத் தேசபக்தர் என்றோ ஜப்பானியரின் ஆள் என்றோ இங்கே உட்கார்ந்துகொண்டு பெயர் சூட்டுவது நமக்கு எளிது. அவர்களுக்கு முன்னால் இருந்த வழிகள் எத்தனை என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி (சுங்கை வட்டார ஆசிரியர்): பள்ளி மாணவர்கள் இருபது பேரை அழைத்து வர நினைக்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: தோட்டங்கள் தனியார் நிலம், அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி பெறாமல் உள்ளே போகக்கூடாது. சடக்கில் மாணவர்களை ஒற்றை வரிசையில், எதிரே வரும் வண்டி தெரியும்படி நடத்துங்கள். அறுவடை நடக்கும் நிரைக்குள் விடாதீர்கள். மழைக்குப் பின் அட்டை இருக்கும். நீளக் காலுறை போதும். துருப்பிடித்த குண்டு போன்ற எதையாவது கண்டால் தொடாமல் அடையாளம் வைத்துவிட்டு விலகி, 999-ஐ அழையுங்கள். உலோகம் தேடும் கருவியோடு மண்ணைக் கிளறுவதை ஊக்குவிக்க வேண்டாம். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டப்படி, கண்டெடுத்த பழம்பொருளை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஒரு நாள் கூடக் கிடைத்தால் தைப்பிங் போர்க் கல்லறைக்கும் அழைத்துச் செல்லுங்கள். வட மலாயாவிலும் பேராக்கிலும் ஆங்காங்கே புதைக்கப்பட்டிருந்தவர்களைப் போருக்குப் பின் ஒன்றுசேர்த்த இடம் அது. சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் முஸ்லிம், இந்து, கூர்க்கா வீரர்கள். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பெயர் கிடையாது. மாணவர்களைப் பேசாமல் ஒரு வரிசை முழுவதும் நடந்து, எத்தனை கல்லில் பெயர் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். வகுப்பறையில் ஒரு மாதம் நடத்தினாலும் வராத அமைதி அப்போது வரும்.

கேள்வி (பேராங் வாசகி): என் பாட்டிக்கு 93 வயது. ஜப்பான் காலத்தில் கிளூனி பக்கம் ஒரு தோட்டத்தில் சிறுமியாக இருந்தவர். அவருடைய தகப்பனார் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று பேச்சை மாற்றிவிடுகிறார். எப்படிக் கேட்பது?

பதில்: போர் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ஆண்டையும் தேதியையும் கேட்காதீர்கள். நம் பெரியவர்கள் காலத்தை ஆண்டாகச் சேமித்து வைக்கவில்லை. "வெள்ளக்காரன் ஓடுனப்ப", "சப்பான்காரன் காலத்துல", "அப்பா சயாமுக்குப் போனப்ப" என்றுதான் வைத்திருக்கிறார்கள். அவர் சொல்லும் வரிசை தவறாகத் தோன்றினாலும் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். ஒருமுறை திருத்தினால், அடுத்தமுறை நமக்குத் தெரிந்ததைத்தான் அவர் நமக்குச் சொல்வார்.

சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். மரவள்ளியை எப்படிச் சமைத்தீர்கள், உப்பு எங்கே கிடைத்தது, தலைக்கு என்ன எண்ணெய் வைத்தீர்கள் என்று கேளுங்கள். பள்ளியில் ஜப்பான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேளுங்கள். "இச்சி, நி, சான்" என்று எண்ணிக் காட்டாத பாட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் பாட்டியும் அப்படித்தான் வாய் திறக்காமல் இருந்தார். எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. கழுத்தில் புள்ளி புள்ளியாக ஓர் ஆண் பெயர் வெட்டியிருக்கும். சிறுவயதில் அது கடைக்காரர் பெயர் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் புளி போட்டு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இது யார் பாட்டி என்று தற்செயலாகக் கேட்டேன். "எங்க அண்ணன்" என்றார். அதுவரை அவருக்கு ஓர் அண்ணன் இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சயாமுக்குக் கிளம்பும்போது செம்பையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாளாம் அம்மா; மூணு மாசந்தானே, இங்கேயே இருக்கட்டும் என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போனாராம். பேசிக்கொண்டே பாட்டி அந்தப் பெயரின் மேல் மட்டும் புளியை அழுத்தாமல், விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தார். அப்போதுதான் கவனித்தேன், செம்பின் மற்ற இடமெல்லாம் தேய்ந்திருக்க, புள்ளிகள் மட்டும் கூர்மையாக இருந்தன.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு பாத்திரம், ஒரு பெட்டி இருக்கும். அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், பாட்டிக்கு உடம்பு தாங்கும் ஒரு காலையில், அவரைக் காரில் முன்னிருக்கையில் உட்கார வைத்து, ஒன்றும் கேட்காமல், சிலிம் ரிவரிலிருந்து கிளூனி வழியாகப் பாலம் வரை மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். எந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்கிறாரோ அங்கே நிறுத்துங்கள்.